டென்ட் போட இடம் தேர்ந்தெடுப்பது எப்படி: தரையைக் கடைசியாகப் பாருங்கள்

புதிதாக டென்ட் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இடம் பார்க்கிற விதம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். பையை இறக்கி வைப்பார்கள், சமமாகப் புல் தெரிகிற இடத்துக்கு நேராக நடப்பார்கள், நாலு கல்லைக் காலால் தள்ளிவிட்டு டென்டைப் பிரித்துவிடுவார்கள். தலைக்கு மேலே பட்ட கிளை ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும், பக்கத்துப் புதரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளம் கொண்டுவந்த சருகு சிக்கியிருக்கும். இரண்டும் கண்ணில் படாது, ஏனென்றால் கண் தரையை விட்டு எழும்பவே இல்லை.

நான் சொல்ல வருவது முக்கியமாக வரிசையைப் பற்றித்தான். உயிருக்கு ஆபத்தானவற்றை முதலில் கழித்துவிட வேண்டும், அப்புறம் தூக்கத்தைக் கெடுப்பவை, வசதியும் அழகும் கடைசியில். வரிசையைத் திருப்பிப்போட்டால், அழகான ஒரு புல்தரை மனதில் பதிந்துவிடும். அதற்குப் பிறகு கண்ணில் படுகிற ஒவ்வொரு ஆபத்துக்கும் மனசு ஒரு சமாதானம் தேட ஆரம்பித்துவிடும்.

1. கிளம்பும் முன்பே வீட்டில் செய்ய வேண்டியவை

அங்கே இரவு தங்க அனுமதி இருக்கிறதா, நெருப்பு மூட்டலாமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ராத்திரியில் வந்து யாராவது கிளப்பிவிட்டால், இருட்டில் எது கிடைக்கிறதோ அங்கேதான் போட வேண்டியிருக்கும்.

சம உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் ஓரளவு சமம். மேட்டுப்பக்கம் நோக்கிக் கோடுகள் கூர்மையாக மடிந்திருக்கும் இடமெல்லாம் தண்ணீர் இறங்கும் வழி. இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு போங்கள். ஒரே ஒரு இடத்தை மட்டும் நம்பிப் போனால், அது சரியில்லை என்று நேரில் தெரிந்தாலும் விட மனசு வராது.

வானிலை பார்க்கும்போது நீங்கள் தங்கப்போகிற இடத்தை மட்டும் பார்க்காதீர்கள். அங்கே வருகிற ஓடை எந்த மலையில் தொடங்குகிறதோ, அந்த மலைக்கும் சேர்த்துப் பாருங்கள். சூரியன் மறையும் நேரத்தையும் இரவுக் காற்று எந்தத் திசை என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அங்கே போன் சிக்னல் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் டென்டுக்கு உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும் என்பது. பையில் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் உள்தரையின் அளவுதான். 2 பேர் டென்டுக்கு உள்தரை 2 மீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், ஆனால் வெளிவிரிப்பும் இழுத்துக் கட்டும் கயிறுகளும் சேர்ந்தால் மூன்றரை, நாலு மீட்டர் வரை போகும். வீட்டிலேயே ஒரு தடவை முழுசாகப் போட்டுப் பார்த்து, அந்த நீளத்துக்கு ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நேரில் அந்தக் கயிற்றை விரித்தால் இடம் பற்றுமா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

2. வெளிச்சம் போவதற்கு 2 மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள்

மோசமான இடத்தில் டென்ட் போட்டவர்களிடம் கேட்டால், பாதிப்பேர் "இருட்டிவிட்டது" என்றுதான் சொல்வார்கள். பட்ட கிளையும் எறும்புப் புற்றும் வெள்ளம் வந்த தடமும் டார்ச் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. சுற்றிப் பார்க்க அரை மணி, போட அரை மணி, சரியில்லாமல் போனால் மாற்றிப் போட ஒரு மணி, அதற்குத்தான் இந்த 2 மணி நேரம்.

சூரியன் மறைய இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ள, கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே எத்தனை விரல் அடங்குகிறது என்று பார்ப்பார்கள், ஒரு விரலுக்கு 15 நிமிடம் என்று கணக்கு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து நாடுகளில் இந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அங்கே சூரியன் சாய்வாக இறங்காமல் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குகிறது, அதனால் ஒரு விரலுக்கு 8 நிமிடம்தான் தேறும். மறைந்த பிறகு நிற்கும் வெளிச்சமும் அங்கே குறைவு.

பையை இறக்கி வைத்ததும் டென்டை எடுக்காதீர்கள். வெறுங்கையோடு ஒரு சுற்று நடங்கள், நூறு மீட்டர் வட்டத்துக்காவது. களைப்பாக இருக்கும்போது முதலில் கண்ணில் பட்ட இடமே நல்ல இடம் என்று தோன்றும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

3. தண்ணீர் எந்த வழியாக வரும்?

இதை முதல் வேலையாக வைத்ததற்குக் காரணம், மற்ற எந்தத் தவறும் இத்தனை வேகமாக உயிரை எடுக்காது. காய்ந்த ஓடைப்படுகையில் மணல் சமமாக இருக்கும், மெத்தென்று இருக்கும், புதியவர்களை இழுக்கும். எங்கோ பல கிலோமீட்டர் தள்ளி மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிந்துகொண்டிருக்கும்போதே அங்கே வந்து சேரும். ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே ஆளைத் தடுமாற வைத்துத் தள்ளிவிடும்; டென்டுக்குள் ஜிப் போட்டுத் தூங்குகிறவருக்கு எழுந்திருக்கக்கூட நேரம் இருக்காது.

ஆகவே ஓடையின் இன்றைய மட்டத்தைப் பார்க்காதீர்கள், அது வந்துபோன மட்டத்தைப் பாருங்கள். புதர்களிலும் மரத்தடிகளிலும் சருகு, குச்சி, பிளாஸ்டிக் எல்லாம் ஒரே உயரத்தில் சிக்கியிருக்கும், செடிகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும், பாறையில் சேற்றுக்கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே இருக்கும் இடம்தான் உங்களுக்கு. இரண்டு ஓடைகள் சேரும் முனையும், ஓடைக்கு நடுவே உள்ள திட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். திட்டில் இருப்பவருக்கு வெள்ளம் வந்தால் வெளியேறும் வழியே கிடையாது.

வெள்ள பயமே இல்லாத குளத்தங்கரையாக இருந்தாலும் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளியிருங்கள், பெரியவர் நடையில் 70, 80 எட்டு. கரை ஓரம் மற்ற உயிர்கள் தண்ணீர் குடிக்க வருகிற வழி. கொசுவும் அங்கேதான். அதோடு இரவில் கரையோரக் காற்றில் ஈரம் அதிகம், காலையில் டென்டின் உள்பக்கம் சொட்டச்சொட்ட நனைந்திருக்கும்.

கடற்கரை என்றால் கணக்கு வேறு. மணலில் கடல்பாசியும் கிளிஞ்சலும் கோடாகக் கிடக்கிறதே, அதுதான் கடைசியாகத் தண்ணீர் ஏறிய எல்லை. பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம், அதாவது நீங்கள் தூங்கும்போது ஒரு தடவை ஏறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இன்னும் மேலே ஏறும், கடலிலிருந்து கரைக்குக் காற்று அடித்தால் அதற்கும் மேலே. மணலைத் தாண்டிச் செடிகள் நிலையாக வேர்விட்டிருக்கும் மேட்டுக்குப் போய்விடுங்கள்.

4. தலையைத் தூக்கிப் பாருங்கள்

தண்ணீருக்குத் தப்பிய இடத்தில் நின்று நேராக மேலே பாருங்கள். இலையே இல்லாத மரம், பட்டை உரிந்த மரம், அடியில் காளான் முளைத்த மரம், ஒரு பக்கமாகச் சாய்ந்து வேர்ப்பக்க மண் விரிசல் விட்ட மரம், இவற்றில் எது இருந்தாலும் அந்த மரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளிப் போங்கள். முறிந்து மற்ற கிளைகளில் மாட்டிக்கொண்டு நிற்கும் கிளைதான் எல்லாவற்றிலும் மோசம், எப்போது விழும் என்று சொல்லவே முடியாது.

"இன்றைக்குக் காற்றே இல்லையே" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கிளை முறியக் காற்று வேண்டும் என்பதில்லை. யூகலிப்டஸ் போன்ற சில மரங்கள் வெயில் காலத்தில், காற்று அசையாத நேரத்தில்கூடப் பெரிய பச்சைக் கிளையைத் திடீரென்று உதிர்க்கும்.

செங்குத்துப் பாறையின் அடிவாரத்துக்கும் இதே பார்வை வேண்டும். கீழே கிடக்கும் கற்களைப் பாருங்கள்: பாசி படிந்து, மண்ணில் பாதி புதைந்திருந்தால் அவை விழுந்து வெகுகாலம் ஆகிறது. கூரான விளிம்போடு, வெளிறிய உடைப்பு தெரிய, புல்லின் மேலேயே கிடந்தால் அண்மையில் விழுந்தவை, அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

5. இடி மின்னல் வரக்கூடும் என்றால்

முகடு வேண்டாம், திறந்த வெளியில் உயரமாக நிற்கும் ஒற்றை மரத்தடி வேண்டாம், வெட்டவெளியில் உங்கள் டென்டே உயரமான பொருளாக நிற்கும்படியும் வேண்டாம். ஓரளவு ஒரே உயரமாக மரங்கள் நிறைந்த தோப்பு, சுற்றியுள்ள நிலத்தைவிடத் தாழ்வாக இருந்தால், இருப்பதில் பரவாயில்லை.

டென்ட் மின்னலிலிருந்து காப்பாற்றாது, இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் விழுகிறது; கட்டடத்துக்குள்ளோ, இரும்புக் கூரை உள்ள காருக்குள்ளோ போய்விட்டு, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். அந்தக் காலநிலையில் போகிறீர்கள் என்றால், கார் எட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே சரி.

6. குளிரும் காற்றும்: சரிவின் நடுப்பகுதிதான் நல்ல இடம்

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி நிற்கும். சாயங்காலம் பார்க்கும்போது பள்ளத்தின் அடி காற்று மறைவாக, இதமாக இருக்கும். நடு இரவுக்கு மேல் நடுங்க வைப்பதும் அதே இடம்தான். மேலே முகட்டிலோ காற்று விடாது அடிக்கும். இரண்டுக்கும் நடுவில், சரிவில் ஒரு திண்ணை மாதிரி சமமாக நீட்டிக்கொண்டிருக்கும் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

அந்தச் சரிவில் மேலேயிருந்து குளிர்காற்று வழிந்து வரும் வாய்க்கால் மாதிரியான மடிப்புகள் இருக்கும். அவற்றின் நேர் எதிரே போடாமல் கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கிப் போடுங்கள், மழை நீர் இறங்குவதும் அதே மடிப்பில்தான்.

காற்றின் திசையைப் பார்ப்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மாலையில் அடிக்கிற காற்றைப் பார்த்து டென்டைத் திருப்பிப் போடுவார்கள், இரவில் அது மாறிவிடும். பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும் காற்று, வெயில் போனதும் மேலேயிருந்து கீழே இறங்க ஆரம்பிக்கும். பெரிய ஏரி, கடல் பக்கத்திலும் பகலில் தண்ணீரிலிருந்து கரைக்கும், இரவில் கரையிலிருந்து தண்ணீருக்கும் வீசும். வானிலை பார்த்து எழுதி வைத்த இரவுக் காற்றின் திசை இங்கேதான் உதவும். பலத்த காற்று வருமென்றால் அந்தத் திசைதான் முக்கியம், அமைதியான இரவு என்றால் இந்த உள்ளூர்க் காற்றின் போக்கை நம்புங்கள்.

டென்டின் குறுகலான, தாழ்ந்த பக்கம் காற்றைப் பார்த்து இருக்க வேண்டும், வாசல் காற்று மறைவில். அகலமான பக்கம் காற்றை வாங்கினால் கம்பி வளையும், வாசல் வாங்கினால் டென்ட் பலூன் மாதிரி உப்பி முளையைப் பிடுங்கும். பாறை, புதர் வரிசை எதுவாக இருந்தாலும் மறைவாக வைத்துக்கொள்ளலாம். புதர் பாறையைவிட நல்லது, காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு வேகத்தைக் குறைக்கும். கெட்டியான பாறைக்குப் பின்னால் காற்று சுழலும்.

அப்புறம் பனி. தெளிந்த வானத்தின் கீழே டென்ட் துணி தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும், அதனால்தான் வெட்டவெளியில் போட்ட டென்ட் காலையில் அப்படி நனைந்திருக்கிறது. மேலே பச்சை இலைக்கூரை இருந்தால் இது பெரிதும் குறையும். நான் தேடுவது நடுத்தர உயரமுள்ள, நல்ல பச்சையான மரங்களின் ஓரம். 4-ஆம் படியில் சொன்ன சோதனையில் தேறிய மரங்களாக மட்டும் இருக்கட்டும்.

ஈரமான வெப்ப இடங்களில் நான் இதைத் தலைகீழாகச் செய்வேன், லேசான காற்று படும் மேட்டைத் தேடுவேன். காற்று இருந்தால் கொசு குறையும், உள்ளே புழுக்கமும் இருக்காது.

7. அந்த இடம் வேறு யாருக்காவது சொந்தமா?

எறும்புச் சாரி, கரையான் புற்று, தரையில் வளைகள், மேலே கிளையில் குளவிக்கூடு அல்லது தேன்கூடு, இவை இருந்தால் தள்ளிப் போங்கள். எறும்பை மட்டும் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும், நடந்துகொண்டே பார்த்தால் தெரியாது. உயரமான புல்லில் உண்ணி இருக்கும், பாம்பும் கண்ணுக்குத் தெரியாது. கல்குவியல், விழுந்த மரத்தடி, விறகுக் குவியல் பக்கத்திலும் வேண்டாம்.

புல்லில் குறுகலாக ஒரு தடம் போய், அதில் குளம்படியோ சாணமோ தெரிந்தால் அது விலங்குகள் தினமும் நடக்கும் பாதை. மனிதர்கள் நடக்கும் பாதையும் அப்படித்தான். இரண்டிலும் டென்ட் குறுக்கே நிற்கக் கூடாது. வண்டி வந்து திரும்பும் இடத்தின் ஓரமும் கூடாது, இரவில் பின்னால் வரும் வண்டிக்குத் தாழ்வான டென்ட் தெரியாது.

8. இப்போதுதான் தரை

இத்தனையும் தாண்டி வந்த இடத்தில் தரையைப் பாருங்கள். தட்டு மாதிரி நடுவில் குழிந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பலர் தங்கித் தங்கிப் பழகிய இடங்களில் மண் இறுகி நடுவில் தாழ்ந்திருக்கும், புல்லே இல்லாமல் சுத்தமாக இருப்பதால் ஆசையாகவும் இருக்கும். ஒருமுறை அப்படி ஒன்றில் போட்டேன். ராத்திரி 2 மணிக்கு மழை வந்தது, இறுகிய மண் ஒரு சொட்டுக்கூட உறிஞ்சவில்லை, படுக்கைக்கு அடியில் தண்ணீர் ஆடுவது முதுகில் தெரிந்தது. விடியும்வரை உட்கார்ந்தே இருந்தோம்.

கோரைப்புல்லும் பாசியும் வளர்ந்த இடம் இப்போது காய்ந்து தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். குதிகாலால் அழுத்திப் பாருங்கள், பள்ளத்தில் நீர் கசிந்தால் வேண்டாம்.

டென்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது மண்ணரிப்பைத் தொடங்கிவைக்கும். வாய்க்கால் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினாலே இடம் தப்பு என்று அர்த்தம்.

ஒரு முளையை அடித்துப் பாருங்கள், டென்டை விரிப்பதற்கு முன்பே. விரல் நீளம் இறங்கிப் பாறையில் நின்றால் கயிறுகளைப் பெரிய கற்களில் கட்ட வேண்டும். மணல் என்றால் முளை நிற்கவே நிற்காது. பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி ஒரு முழம் ஆழத்தில் புதையுங்கள். இரண்டும் முடியாவிட்டால் வேறு இடம்.

9. படுத்துப் பாருங்கள்

தரைவிரிப்பை மட்டும் போட்டு, டென்ட் நிற்கப்போகும் அதே வாக்கில் இரண்டு நிமிடம் மல்லாந்து படுங்கள். எல்லோரும் தவிர்க்கிற படி இதுதான், வெட்கமோ சோம்பலோ தெரியவில்லை. நிற்கும்போது கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரை, படுத்தால் முதுகுக்குத் தெரிந்துவிடும்.

மிக லேசான சரிவு நல்லது, மழை நீர் தேங்காமல் ஓடிவிடும். தலை மேட்டுப்பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் தலைவலியோடு எழுந்திருப்பீர்கள். பக்கவாட்டுச் சரிவு மட்டும் கூடவே கூடாது, ராத்திரி முழுக்க உருண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுவீர்கள். முதுகுக்குத் தெரியாத பக்கச்சரிவைத் தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்துக் கண்டுபிடிக்கலாம், எந்தப் பக்கம் உருளுகிறது என்று பாருங்கள்.

முதுகில் குத்திய கல், குச்சி, காய் எல்லாவற்றையும் கையால் எடுத்து ஓரமாக வையுங்கள். செடியைப் பிடுங்கவோ மண்ணை வெட்டிச் சமன் செய்யவோ வேண்டாம். தரைவிரிப்பு டென்டின் அடியைவிட ஒரு சாண் குறைவாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து நேராக உங்கள் அடியில் கொண்டுவந்துவிடும்.

10. அடுப்பு, சாப்பாடு, கழிப்பிடம்

டென்டின் இடம் முடிவான பிறகே மற்றவற்றின் இடம். நெருப்பு டென்டுக்குக் காற்றின் கீழ்ப்பக்கம், அதாவது காற்று டென்டைத் தாண்டிப் போகும் பக்கம், குறைந்தது 5 மீட்டர் தள்ளி. ஒரு பொறி போதும், நைலான் துணியில் ஓட்டை விழும். அடுப்பையோ கரியையோ குளிருக்காக டென்டுக்குள் கொண்டுபோகவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும்.

கரடி போன்ற பெரிய விலங்குகள் உள்ள பகுதியில் சமைக்கும் இடமும் சாப்பாடு வைக்கும் இடமும் டென்டிலிருந்து 90 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், பற்பசை, சோப்பு உள்பட வாசனை உள்ள எதுவும் உள்ளே வேண்டாம். மற்ற இடங்களிலும் எலியும் எறும்பும் துணியைக் கடித்துக்கொண்டு வரும், அதனால் பழக்கம் அதேதான். கழிப்பிடம் தண்ணீரிலிருந்தும் டென்டிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம்.

11. இருட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு நடை

டென்ட் போட்டு முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அங்கிருந்து உயரமான இடத்துக்குப் போகும் வழியை ஒரு தடவை நடந்து பாருங்கள். தண்ணீர் வந்தாலும் நெருப்பு வந்தாலும் அந்த வழியை நடு இரவில் தூக்கக் கலக்கத்தில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். குழந்தைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு நடங்கள்.

இந்த நடையில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால், போட்ட டென்டாக இருந்தாலும் மாற்றுங்கள். சின்ன டென்ட் என்றால் முளையை மட்டும் பிடுங்கிவிட்டு ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டே போய்விடலாம், பத்து நிமிட வேலை.

12. காலையில் டென்டைத் தூக்கியதும்

மடித்து வைக்கும் அவசரத்தில் விட்டுவிடாமல், டென்ட் இருந்த தரையைப் பாருங்கள். எந்த மூலையில் ஈரம் சேர்ந்திருக்கிறது, உள்துணி எந்தப் பக்கம் அதிகம் நனைந்திருக்கிறது, எந்த முளை தளர்ந்திருக்கிறது என்று பார்த்தால், நேற்று நீங்கள் எதைத் தவறாகக் கணித்தீர்கள் என்பது அங்கேயே தெரியும். எடுத்து ஓரம் வைத்த கற்களைத் திரும்பப் போட்டு, படுத்துப்போன புல்லைக் கையாலோ குச்சியாலோ எழுப்பிவிட்டு, முளை விழுந்த குழிகளைக் காலால் மூடிவிட்டுக் கிளம்புங்கள்.